அம்மா ஏறிய ராட்டினம்

அன்புள்ள ஐயா,

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வத்தளை. ஒரு கம்பனியில் கணக்கு வேலை. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7.

இந்தச் சித்திரை விடுமுறையில் பிள்ளைகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனோம். எனக்கு 8 வயதாக இருந்தபோது அப்பா என்னை அங்கே ஒரு சின்னப் பூங்காவுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். ஒரு ராட்டினம், ஒரு குடை ராட்டினம், சங்கிலி ஊஞ்சல், தகரத்தில் செய்த நாலு விமானம். அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டே எத்தனையோ இரவு தூங்கியிருக்கிறேன். அதே மாதிரி ஒன்றைத் தேடிப் பிடித்துப் பிள்ளைகளுக்குக் காட்டினேன்.

மகள் சுற்றிவரப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானாம்மா?” என்றாள். ஒரு தடவை ராட்டினத்தில் ஏறினாள், இறங்கி போனை எடுத்துக்கொண்டாள். மகன் குடை ராட்டினத்தில் காது உடைந்த குதிரையில்தான் ஏறுவேன் என்று அடம்பிடித்து, அதற்காக இரண்டு சுற்று காத்திருந்து ஏறினான். கணவர், “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம், கொழும்புப் பக்கத்திலேயே பெரிய பூங்கா இருக்கே” என்றார். அம்மா உள்ளேயே வரவில்லை. வாசல் பக்கத்து வாங்கில் பைகளைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். ஏறச் சொன்னதற்கு “எனக்கெதுக்கு” என்றார். பிறகு விக்டோரியா பூங்காவில் குழந்தைகள் ரயிலில் ஒரு சுற்று. அத்தோடு திரும்பிவிட்டோம்.

வேனில் வரும்போது எனக்கு அழுகை வந்தது. நான் உயிராக வைத்திருந்தது இவ்வளவு சின்ன விஷயமா? வேறு ஒன்றும் இல்லாத காலத்தில் கிடைத்ததால்தான் அது பெரிதாகத் தெரிந்ததா? பிள்ளைகளுக்கு என் சந்தோஷத்தைக் காட்டப் போய், என் வறுமையைக் காட்டிவிட்டேனோ என்று இருக்கிறது. துருவும் பழசுமாக நிற்கும் இந்தப் பூங்காக்களை மூடிவிடுவதுதான் நல்லதா? நீங்கள் மலையகத்தைப் பற்றி எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன்.

அன்புடன்,
ச.
வத்தளை

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். நீங்கள் கேட்ட கேள்விகளில் அல்ல, போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிட்டேன். வாசல் பக்கத்து வாங்கில், பைகளோடு, உங்கள் அம்மா.

“எனக்கெதுக்கு” என்ற சொல்லைக் கேட்காமல் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், வளர்ந்தவர் யாரும் இருக்க முடியாது. தீபாவளிச் சேலை எடுக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக் குழம்பில் கடைசித் துண்டைப் பங்கு வைக்கும்போது, மருந்து வாங்கும்போதுகூட அந்தச் சொல் வரும். என் அம்மாவும் அதைத்தான் சொல்லுவார். ஒரே ஒரு நாள் மட்டும் அந்தச் சொல் செல்லுபடியாகவில்லை. அதைச் சொல்லிவிட்டு உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

1982 ஏப்ரல். எனக்கு 9 வயது, தங்கைக்கு 6. எங்கள் தோட்டம் ராகலைக்குப் பக்கத்தில். அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில் வேலை, அம்மா கொழுந்து எடுத்தார். நுவரெலியாவின் சித்திரைச் சீசன் பார்க்கப் போகவேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் மாசியிலேயே நச்சரிக்கத் தொடங்கியிருந்தோம். அதற்காக அம்மா ஞாயிற்றுக்கிழமைகளிலும் கைக்காசுக்கு, எடுத்த கொழுந்துக்குக் கையில் காசு வாங்க, மலைக்குப் போனார். அந்தக் காசு தனியாக ஒரு பால்மா டின்னில் இருந்தது.

ராகலையிலிருந்து கந்தப்பளை வழியாக பஸ். நுவரெலியாவில் இறங்கினால் கொழும்புக் கார்கள், குதிரைப் பந்தயத்துக்கு வந்த கூட்டம், தொப்பி வைத்த பெண்கள். அந்த ஊருக்குள் நடக்கும்போது அப்பா எங்களை ஓரமாகவே கூட்டிப் போவார். ஏன் என்று அப்போது தெரியாது. யோசித்துப் பார்த்தால் அந்த ஊரே ஒரு விளையாட்டுப் பூங்காவாகத்தான் கட்டப்பட்டது. கீழ்நாட்டு வெக்கையும் காய்ச்சலும் தாங்காத வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்தைப் போல ஒன்றை மேலே செய்துகொண்டார்கள். 1873இல் ஆளுநர் கிரகரி தண்ணீரைத் தேக்கி வாவி அமைத்தார். 1875இல் குதிரைப் பந்தயம். விக்டோரியா ராணி அரியணை ஏறி 60 ஆண்டு ஆனதற்கு, 1897இல், அவர் பெயரில் பூங்கா. சுற்றியிருந்த மலைகளில் கொழுந்து எடுத்தவர்களுக்கு அந்தப் பூங்காவில் வேலை மட்டும் இருந்தது.

நாங்கள் போனது ஊருக்கு ஓரத்தில் போட்டிருந்த கார்னிவலுக்கு. மரணக் கிணற்றின் மோட்டார் சைக்கிள் சத்தம் தூரத்திலேயே கேட்டது. பலகைக் கிணற்றின் உள்சுவரில் படுக்கைவாட்டமாக ஓட்டுகிறவன் விழாமல் இருப்பதற்கு மந்திரம் ஒன்றும் இல்லை, மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் வட்டமாகப் போகும்போது சக்கரம் சுவரில் அழுந்துகிறது, அந்த அழுத்தத்தில் ரப்பர் பலகையைப் பிடித்துக்கொள்கிறது என்று பின்னால் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அன்றைக்கு மந்திரமாகத்தான் இருந்தது. மின்சார விளக்குப் போட்ட பெரிய ராட்டினம் ஒன்று நின்றது. அதன் டிக்கட் விலையைக் கேட்டுவிட்டு அப்பா பேசாமல் நடந்தார். அதற்குப் பின்னால், விளக்கில்லாத பக்கத்தில், ஒரு சின்ன மர ராட்டினம். எட்டுப் பெட்டி. மோட்டார் கிடையாது. இரண்டு பொடியன்கள் கையால் சுற்றினார்கள்.

கையால் எப்படிச் சுற்றுவார்கள் என்று உங்கள் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள், அதனால் சொல்கிறேன். ஒருத்தன் சட்டத்தின் குறுக்குக் கட்டையைப் பிடித்து மேலே ஏறிப் போவான். சக்கரத்தின் உச்சிக்குக் கிட்டே வந்ததும் விளிம்புக் கட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தொங்குவான். அவன் உடம்பின் பாரம் அந்தப் பக்கத்தைக் கீழே இழுக்கும். தரைக்கு வந்ததும் குதித்து விலகுவான். அதற்குள் மற்றவன் மேலே போயிருப்பான். இப்படி மாறி மாறி. அவர்களுடைய உடம்புதான் எஞ்சின்.

ஒரு பொடியனின் பாரம் எட்டுப் பெட்டிச் சனத்தைச் சுற்றப் போதுமா? போதும், சக்கரம் சமநிலையில் இருந்தால். எதிரெதிர்ப் பெட்டிகளில் பாரம் ஒத்துப்போனால் சக்கரத்துக்குத் தன் பாரமே தெரியாது, கொஞ்சம் தள்ளினாலே திரும்பும். ஒரு பக்கம் கூடினால் அந்தப் பக்கம் கீழே வந்து நின்றுவிடும், ஒரு பொடியன் தொங்கி அதை அசைக்க முடியாது. ஆகவே ராட்டினக்காரனுக்குப் பாதி வேலை ஆட்களை ஏற்றுவதிலேயே இருக்கிறது. வரிசையில் நிற்பவர்களைக் கண்ணாலேயே நிறுத்துப் பார்த்து, இவரை இங்கே, அவரை அங்கே என்று எதிரெதிரே உட்காரவைப்பான். மோட்டார் வைத்த ராட்டினத்திலும் இதைத்தான் செய்கிறார்கள். பாரம் சரியில்லை என்றால் பெல்ட் வழுக்கும், சக்கரம் உதறி உதறிப் போகும்.

அப்பா எனக்கும் தங்கைக்கும் மட்டும் டிக்கட் எடுத்தார். நாங்கள் ஒரு பெட்டியில் ஏறினோம். மூத்த பொடியன் மற்றப் பெட்டிகளையும் நிரப்பிவிட்டு, எங்களுக்கு எதிர்ப்பெட்டியைப் பார்த்தான். அது வெறுமையாக இருந்தது. வரிசையில் ஆள் இல்லை. சக்கரத்தை அசைத்துப் பார்த்தான், பிறகு அம்மாவிடம் வந்தான்.

“அக்கா, ஏறுங்க.”

“எனக்கெதுக்கு தம்பி, புள்ளைக ஏறியிருக்குல்ல.”

“டிக்கட் வேணாம்க்கா. நீங்க ஏறுனாத்தான் சுத்தும். அந்தப் பக்கம் பாரம் பத்தல.”

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவின் கையிலிருந்த துணிப்பையை வாங்கிக்கொண்டார். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கோயில் படி ஏறுவதுபோல, அந்தப் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார்.

பாரம் என்ற சொல் அம்மாவுக்கு என்னவாக இருந்தது என்பதை நான் பெரியவனான பிறகுதான் புரிந்துகொண்டேன். ஒவ்வொரு நாளும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்கு முன்னால் நிற்கிறவர் அவர். கூடைக்கு என்று கொஞ்சம், ஈரத்துக்கு என்று கொஞ்சம் கழித்துவிட்டுத்தான் கணக்குப் புத்தகத்தில் எழுதுவார்கள். மழை நாளில் கழிவு இன்னும் கூடும். முதுகில் இருந்தபோது கனத்த கூடை தராசுக்கு வந்ததும் குறைந்துபோகும். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். அப்படிப்பட்ட ஒருவரிடம், பாரம் பத்தவில்லை, நீங்கள் வந்தால்தான் சரியாகும் என்று ஒரு பொடியன் கேட்கிறான். ஒரு கிலோவும் கழிக்காமல் அவரை முழுதாக ஏற்றிக்கொள்கிறான்.

ராட்டினம் சுற்றியது. நாங்கள் மேலே போகும்போது அம்மா கீழே, நாங்கள் கீழே வரும்போது அம்மா மேலே. தங்கை ஒவ்வொரு சுற்றிலும் “அம்மா” என்று கத்தினாள். முதல் இரண்டு சுற்றில் அம்மா கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடியிருந்தார். மூன்றாவதில் கண் திறந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் எங்களைப் பார்க்கவில்லை. கால் இரண்டையும் நீட்டி, கையை மடியில் வைத்துக்கொண்டு, தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டே சுற்றினார். பகல் வெளிச்சத்தில், கையில் வேலை இல்லாமல், அம்மா உட்கார்ந்திருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இறங்கியதும் அப்பா கேட்டார், “என்னா தெரிஞ்சுச்சு?”

“அந்தத் தொங்கல்ல கொழுந்து முத்திப் போச்சு. லீவு முடிஞ்சு போறப்ப கஷ்டம்தான்” என்றார் அம்மா.

சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்மா போய் 11 ஆண்டுகளாகின்றன. கடைசிக் காலத்தில் பேரப்பிள்ளைகளிடம் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கதை எதுவென்று நான் எழுதத் தேவையில்லை. அதைச் சொல்லும்போதெல்லாம், “டிக்கட்டே இல்லாம ஏத்துனான்” என்று முடிப்பார்.

அந்தப் பொடியன் யாரென்று அப்பா விசாரித்தார். அவனும் ஒரு தோட்டத்துப் பிள்ளைதான், பொகவந்தலாவைப் பக்கம். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கார்னிவலோடு சேர்ந்துகொண்டவன். நாங்கள் ஏறிய அந்தச் சுற்றுக்காக அவன் எத்தனை தடவை கட்டை ஏறி இறங்கினான் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அவன் உள்ளங்கை காய்த்திருந்ததும் தெரிந்தது. இது எனக்கு முக்கியம். பெரிய பூங்காவில் இந்த ஆள் கண்ணில் படமாட்டார். கண்ணாடிக் கூண்டுக்குள் பொத்தானை அழுத்திக்கொண்டு ஒருவர் இருப்பார், அவருக்கும் நமக்கும் நடுவே பேச்சே இருக்காது. சின்னப் பூங்காவில் நம்மைச் சுற்றிவிடுகிறவரின் முகம் தெரிகிறது. அவருக்கு மூச்சு வாங்குவது கேட்கிறது. அவரும் நம்மைப் பார்க்கிறார், பாரம் பத்துமா என்று பார்க்கிறார். தன் சந்தோஷத்துக்காக ஒருவர் உழைக்கிறார் என்பது ஒரு குழந்தைக்குத் தெரியவேண்டும் என்று நினைக்கிறேன். தோட்டத்துப் பிள்ளைக்கு அது வேறு மாதிரியும் தெரியும். ஊரெல்லாம் குடிக்கிற தேத்தண்ணிக்காக நாளெல்லாம் நிற்கிற அம்மா உட்கார்ந்திருக்க, இன்னொருவர் அவருக்காகச் சுற்றுகிறார்.

இப்போது உங்கள் மகளின் கேள்வி. “இவ்வளவுதானா?” அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. போனில் ஆகாயம் தொடுகிற ராட்டினங்களைப் பார்த்த கண்ணுக்கு இது சின்னதுதான், அவள் உண்மையைச் சொன்னாள். அவளுக்கு ஒரு கதை சொல்லுங்கள். 1893இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அதற்காக ஃபெரிஸ் என்ற பொறியியலாளர் இரும்பில் 264 அடி உயர ராட்டினம் ஒன்றை நிறுத்தினார். 36 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 60 பேர். இன்றைக்கும் ஆங்கிலத்தில் ராட்டினத்துக்கு அவர் பெயர்தான். ஆனால் ராட்டினத்தைக் கண்டுபிடித்தவர் அவர் இல்லை. அதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்னால், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, துருக்கியர் ஆண்ட நாடுகளில் ஆட்கள் கையால் சுற்றிய மர ராட்டினங்களைப் பற்றிப் பயணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். சிங்களக் கிராமங்களில் சித்திரைப் புத்தாண்டுக்கு மரத்தால் கட்டும் கத்துரு ஒஞ்சில்லாவவும் அந்த வகைதான். எங்கள் தோட்டத்துக்குக் கீழே இருந்த கிராமத்தில் கட்டும்போது லயத்துப் பிள்ளைகளும் போய் ஏறுவோம், யாரும் எங்களைத் திருப்பி அனுப்பியதில்லை. ஆகவே உங்கள் மகள் ஏறியது பெரிய ராட்டினத்தின் ஏழைத் தங்கை இல்லை, அதன் பாட்டி. 11 வயதுப் பிள்ளைக்கு இது பிடிக்கும்.

விக்டோரியா பூங்காவின் குழந்தைகள் ரயிலை ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். அந்த ரயிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் தாத்தா ஞாபகம் வரும், ஏனென்றால் நுவரெலியாவுக்கு உண்மையாகவே ஒரு சின்ன ரயில் ஓடியது. நானுஓயாவில் பெரிய ரயிலிலிருந்து இறங்கி, அதில் மாறி ஏறவேண்டும். நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை போகும். பெரிய பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தரை அடி, இதில் இரண்டரை அடிதான். 1903, 1904இல் திறந்தார்கள். தோட்டங்களுக்கு அரிசியும் உரமும் மேலே போகும், தேயிலைப் பெட்டி கீழே வரும். பஸ்ஸும் லொறியும் வந்த பிறகு வருமானம் குறைந்து, 1948இல் மூடிவிட்டார்கள். தாத்தா இளம் வயதில் ராகலையில் அதற்குப் பெட்டி ஏற்றியவர். “பெட்டிய ஏத்தியிருக்கேன், நான் ஏறுனதில்ல” என்பார். 1948இல்தான் தோட்டத்து மக்களின் குடியுரிமையைப் பறித்த சட்டமும் வந்தது, அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. தாத்தா இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுவார்: “மொதல்ல ரயில நிறுத்துனாங்க, பொறகு எங்க ஓட்ட நிறுத்துனாங்க.”

அடுத்த தடவை அந்தக் குட்டி ரயிலில் உங்கள் மகன் ஏறும்போது இதைச் சொல்லுங்கள். ஏழு வயதுக்கு வாக்குரிமை புரியாது, இரண்டரை அடி புரியும். தரையில் காலால் அளந்து காட்டலாம். அந்தப் பூங்காவில் நிதானமாக ஒரு மணி நேரம் இருங்கள். குளிர்காலத்தில் இந்தியாவிலிருந்து வரும் ஆறுமணிக்குருவியைப் பார்ப்பதற்கென்றே தொலைநோக்கியோடு வெளிநாட்டவர் வந்து நிற்கும் இடம் அது.

உங்கள் மகனைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. காது உடைந்த குதிரைக்காக இரண்டு சுற்று காத்திருந்தான் என்றால், அவனுக்கு அந்தப் பூங்கா வேலை செய்திருக்கிறது. நூறு குதிரை இருக்கும் இடத்தில் ஒரு குதிரையின் காது யார் கண்ணில் படும்? எட்டோ பத்தோ இருந்ததால்தான் அவன் ஒவ்வொன்றையும் பார்த்தான், ஒன்றைத் தனக்கென்று எடுத்துக்கொண்டான். ஏன் அந்தக் குதிரை என்று அவனிடம் கேட்டீர்களா? கேட்டு எனக்கும் எழுதுங்கள்.

வறுமையைக் காட்டிவிட்டேனோ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியில் எனக்கு உங்களோடு உடன்பாடு இல்லை. நீங்கள் வைத்திருந்தது ராட்டினத்தின் உயரம் இல்லை. உங்கள் அப்பா ஒரு நாள் வேலையை விட்டு, எங்கிருந்தோ காசு சேர்த்து, தலவாக்கலையிலிருந்து உங்களைக் கூட்டிப் போனார். அதைப் பிள்ளைகளிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அப்பாவுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. கதையைச் சொல்லாமல் ராட்டினத்தை மட்டும் காட்டினால் அவர்களுக்குத் தெரிவது இரும்பு மட்டும்தான். வேறு ஒன்றும் இல்லாததால் அது பெரிதாகத் தெரிந்தது என்பதும் ஓரளவு உண்மைதான், அதை மறைக்கவேண்டாம். லயத்துக் காம்பராவின் கூரை கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். அங்கே தூங்கி எழுந்த பிள்ளைக்குத் தரையை விட்டு இருபது அடி மேலே போவது சின்ன விஷயமாக எப்படி இருக்கும்?

இன்றைக்கும் அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தோட்டத்தில் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது 2021இல். 2024இல் 1350. கொழும்புப் பக்கத்துப் பெரிய பூங்காவுக்கு நாலு பேர் போய்வர எத்தனை நாள் வேலை செய்யவேண்டும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள், உங்களுக்குத் தெரிந்த வேலைதானே. பஸ் ஏறி ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில், கையில் உள்ள காசுக்கு ஏறக்கூடிய விலையில் இருப்பது இந்தச் சின்னப் பூங்காதான். அதை மூடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் பழசு என்பதற்காகப் பழுதைப் பொறுத்துக்கொள்ளவும் கூடாது. இதில் நான் கடுமையாகவே சொல்கிறேன், காரணம் இருக்கிறது. அம்மா ஏறி நாலு வருஷம் கழித்து, வேறொரு ஊரின் திருவிழாக் கார்னிவலில், சங்கிலி ஊஞ்சலின் முன்தடுப்புக்குப் பூட்டாணிக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். சுற்றும்போது கம்பி விட்டுவிட்டது. தங்கை விழவில்லை, சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு விரல் நசுங்கியது. இன்றைக்கும் அவளுக்கு அந்த விரல்கள் முழுதாக மடங்காது. நடத்தியவர்கள் பத்து ரூபாயைக் கையில் வைத்துவிட்டு அடுத்த சுற்றைத் தொடங்கினார்கள்.

அதிலிருந்து நான் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் முதலில் ஒரு சுற்று வெறுமனே நின்று பார்ப்பேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். தடுப்புக் கம்பியை ஏறுகிறவர்களே போட்டுக்கொள்கிறார்களா, ராட்டினக்காரர் ஒவ்வொருவருடையதையும் தன் கையால் இழுத்துப் பார்க்கிறாரா? பார்க்காதவர் என்றால் ஏறவேண்டாம். ஆணி இருக்கவேண்டிய இடத்தில் கம்பியோ கயிறோ இருந்தால் ஏறவேண்டாம். துரு மேலாக இருப்பது வேறு, ஒட்டுப்போட்ட மூட்டில் வெடிப்பு இருப்பது வேறு. புதுப் பெயின்ட் இரண்டையும் மறைக்கும், மூட்டுகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நம் மலைநாட்டில் இன்னொன்று உண்டு. மழை பெய்தால் மண் இளகும். ராட்டினத்தின் கால்களுக்கு அடியில் வைத்த கட்டைகள் ஒரு பக்கம் அமிழ்ந்து சட்டம் சாய்ந்துவிடும். வைகாசி கடைசியில் தென்மேல் பருவமழை தொடங்கினால் வாவிப் பக்கத்துக் காற்றும் சேர்ந்துகொள்ளும், அந்த மாதங்களில் உயரமான எதிலும் ஏறாதீர்கள். பிள்ளைகளின் சால்வை, சேலை முந்தானை, நீளமான முடி, மூன்றையும் கட்டிவிட்டே ஏற்றுங்கள். பெல்ட்டுக்கு மூடி இல்லாத எஞ்சின் பக்கம் யாரையும் நிற்க விடாதீர்கள்.

இவற்றைச் சரிசெய்யக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. சீசன் தொடங்குமுன் ஒரு பொறியியலாளர் வந்து மூட்டுக்களையும் ஆணிகளையும் பரிசோதித்து, தேதி போட்ட அட்டை ஒன்றை வாசலில் தொங்கவிடவேண்டும். அட்டை இல்லை என்றால் நாம் ஏறக்கூடாது. மூடச் சொல்லிக் கேட்பதைவிட இதைக் கேட்போம். ராட்டினம் சுற்றுகிற பொடியன்களுக்கும் இது பாதுகாப்பு, அடிபடுவதில் முதல் ஆள் அவர்கள்தான்.

கடைசியாக உங்கள் அம்மா. சித்திரைக் கூட்டத்தில் கூட்டிப் போகாதீர்கள். தை, மாசியில், பள்ளிக்கூட நாளாக இல்லாத ஒரு சாதாரணச் சனிக்கிழமையில், வெயில் ஏறிய பிறகு போங்கள். காலையில் புல்லில் உறைபனி இருக்கும், அம்மாவுக்குக் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி என்றால் ராட்டினம் வேண்டாம். குடை ராட்டினங்களில் குதிரைகளுக்கு நடுவே தேர் மாதிரி ஒரு இருக்கை வைப்பது வழக்கம். அது மேலும் கீழும் ஆடாது, சும்மா சுற்றும். உங்கள் பூங்காவில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பைகளை உங்கள் கணவர் வைத்துக்கொள்ளட்டும். அம்மா “எனக்கெதுக்கு” என்றால், நீங்கள் பதில் சொல்லவேண்டாம். சுற்றுகிறவரிடம் முன்னமே பேசி வைத்து, அவரைக் கொண்டு கூப்பிடச் சொல்லுங்கள். பாரம் பத்தவில்லை என்று அவர் சொல்லட்டும். அம்மாவை அந்த இருக்கையில் உட்காரவைத்து, முந்தானையை மடியில் செருகிவிட்டு, பக்கத்தில் காது உடைந்த குதிரையில் மகனை ஏற்றுங்கள். மகள் கீழே நின்று போனில் படம் எடுக்கட்டும்.

அன்புடன்.